டோவர் வழக்கு: நான்கு பத்தி அறிக்கையும் 139 பக்கத் தீர்ப்பும்

2005 ஜனவரி 18. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், யார்க் கவுன்ட்டி, டோவர் உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் உயிரியல் பாடம். ஆசிரியர் எழுந்து வகுப்பறையை விட்டு வெளியே போகிறார். கேட்க விருப்பமில்லை என்று வீட்டிலிருந்து எழுதி வாங்கி வந்த சில பிள்ளைகளும் அவரோடு வெளியேறுகிறார்கள். நிர்வாகத்திலிருந்து ஒருவர் உள்ளே வந்து, கையிலிருக்கும் தாளைப் பார்த்து நான்கு பத்திகளை வாசிக்கிறார். யாரும் கேள்வி கேட்கக் கூடாது. வாசித்து முடித்ததும் அவர் போய்விடுகிறார். ஆசிரியர் திரும்பி வந்து பாடத்தைத் தொடர்கிறார்.

இந்தச் சில நிமிட வாசிப்புக்காக நடந்ததுதான் ‘கிட்ஸ்மில்லர் எதிர் டோவர் வட்டாரப் பள்ளி மாவட்டம்’ என்ற வழக்கு. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பரிணாமம் கற்பிப்பது பற்றி எழுந்த வழக்குகளில் இதைப்போல அறிவியலையும் ஆவணங்களையும் மனிதர்களின் நேர்மையையும் ஒருசேர விசாரித்த வழக்கு வேறில்லை என்பது என் கருத்து.

அந்த நான்கு பத்திகள் என்ன சொல்லின? பென்சில்வேனியா பாடத்திட்டப்படி மாணவர்கள் டார்வினின் பரிணாமக் கோட்பாட்டைப் படித்துத் தேர்வு எழுத வேண்டும். ஆனால் அது கோட்பாடுதான், உண்மை அல்ல. ஆதாரமில்லாத இடைவெளிகள் அதில் உண்டு. உயிரின் தோற்றத்துக்கு ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற வேறொரு விளக்கமும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ‘ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்’ என்ற புத்தகத்தைப் பார்க்கலாம். திறந்த மனதோடு இருங்கள். (உயிரினங்களை அறிவுள்ள ஏதோ ஒன்று வடிவமைத்தது என்ற வாதத்துக்குத்தான் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று பெயர்.)

மேலோட்டமாகக் கேட்டால் இதில் என்ன தப்பு என்றுதான் தோன்றும். நிதானமாகப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். வேதியியலுக்கோ இயற்பியலுக்கோ இப்படி ஒரு முன்னெச்சரிக்கை கிடையாது. பள்ளியில் நடக்கும் அத்தனை பாடங்களிலும் பரிணாமத்துக்கு மட்டும்தான். ‘கோட்பாடுதான்’ என்ற சொல்லில் ஒரு நழுவலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘தியரி’ என்றால் அன்றாடப் பேச்சில் ஊகம். அறிவியலில் அது ஏராளமான சான்றுகளை ஒன்றாகக் கட்டி விளக்கும் சட்டகம். அணுக் கோட்பாடும் நோய்க்கிருமிக் கோட்பாடும் அந்த வகைதான். தமிழிலும் இந்தச் சங்கடம் உண்டு. நம் பாடநூல்களில் ‘பரிணாமக் கொள்கை’ என்று படித்த தலைமுறை நாம். கட்சிக்கும் கொள்கை, கம்பெனிக்கும் கொள்கை, டார்வினுக்கும் கொள்கை என்றால், அது யாரோ ஒருவருடைய நிலைப்பாடு போலத்தானே பிள்ளைகள் காதில் விழும்? அந்த மயக்கத்தைத் தீர்ப்பது ஆசிரியரின் வேலை. டோவரில் வாசிக்கப்பட்ட தாள் அதை வளர்த்துவிட்டது.

வாரியத்துக்குள் நடந்தது

அமெரிக்காவில் பள்ளிப் பாடம் பெருமளவு உள்ளூர் விவகாரம். ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம்தான் எந்தப் புத்தகம் வாங்குவது, எதை எப்படி நடத்துவது என்று முடிவு செய்யும். டோவர் வாரியத்தில் ஒன்பது உறுப்பினர்கள். மாவட்டத்தில் சுமார் 3,700 மாணவர்கள், அதில் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய 1,000 பேர்.

வாரிய உறுப்பினர் ஆலன் பான்செல் 2002 ஜனவரியிலும் 2003 மார்ச்சிலும் நடந்த கலந்தாய்வுகளில் தன் அக்கறைகளில் முதலாவதாகச் சொன்னது ‘படைப்புவாதம்’. கடவுள் உயிரினங்களை இப்போதிருக்கும் வடிவத்திலேயே படைத்தார் என்ற நம்பிக்கை அது. பான்செல் பிறகு வாரியத் தலைவரானார். பாடத்திட்டக் குழுவின் தலைவரான வில்லியம் பக்கிங்ஹாம் இன்னும் வெளிப்படையானவர். புதிய உயிரியல் பாடநூல் டார்வினியத்தால் நிறைந்திருக்கிறது என்று சொல்லி, அதை வாங்கும் தீர்மானத்தைத் தடுத்து நிறுத்தினார். 2004 ஜூன் கூட்டத்தில் அவர் பேசியது ஊரையே உலுக்கியது: “2,000 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சிலுவையில் உயிர்விட்டார். அவருக்காக யாரும் எழுந்து நிற்க மாட்டீர்களா?”

அதற்கு முன்பே பள்ளியில் ஒரு சம்பவம் நடந்திருந்தது. மாணவர் ஒருவர் மனிதப் பரிணாமத்தைச் சித்திரமாக வரைந்து பள்ளிக்குக் கொடுத்திருந்தார். அறிவியல் வகுப்பறை ஒன்றில் இருந்த அந்தப் பெரிய ஓவியத்தை 2002-ல் பள்ளி ஊழியர் ஒருவர் எடுத்துக்கொண்டு போய் எரித்துவிட்டார். ஒரு மாணவரின் கைவேலை அது. இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்திய விவரம் இதுதான். அந்த வகுப்பறையில் பாடம் நடத்தியவர்களுக்கு அதிலிருந்து என்ன செய்தி போயிருக்கும்?

2004 ஆகஸ்டில் பாடநூல் தீர்மானம் முதலில் 4-4 என்று நின்றது. பாண்டாஸ் புத்தகத்தையும் சேர்த்து வாங்கினால்தான் தன் ஓட்டு என்று பக்கிங்ஹாம் அடம்பிடித்தார். ஓர் உறுப்பினர் மனம் மாறியதால் பாடநூல் தப்பியது. அப்புறம் பாண்டாஸ் புத்தகத்தின் 60 பிரதிகள் பள்ளிக்கு ‘பெயர் சொல்ல விரும்பாத நன்கொடையாக’ வந்து சேர்ந்தன. அந்த நன்கொடையின் கதை நீதிமன்றத்தில்தான் வெளிவந்தது.

2004 அக்டோபர் 18 இரவு வாரியம் 6-3 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேற்றியது. டார்வின் கோட்பாட்டின் இடைவெளிகளையும், அறிவார்ந்த வடிவமைப்பு உள்ளிட்ட பிற கோட்பாடுகளையும் மாணவர்களுக்கு உணர்த்த வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். அறிவியல் துறைத் தலைவர் பெர்த்தா ஸ்பாரும் உயிரியல் ஆசிரியர் ஜெனிஃபர் மில்லரும் அந்தக் கூட்டத்திலேயே எழுந்து எதிர்த்தார்கள். மாவட்டத்தின் சொந்த வழக்கறிஞரும், தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும் என்று ஆகஸ்டிலேயே எழுதியிருந்தார். வாரியம் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதிர்த்து ஓட்டுப் போட்ட கேஸி பிரவுன், ஜெஃப் பிரவுன் தம்பதி அன்றிரவே பதவி விலகினார்கள். ஆதரித்தவர்களில் சிலர், அறிவார்ந்த வடிவமைப்பு என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாமல்தான் கை தூக்கினோம் என்பதைப் பிறகு சாட்சிக் கூண்டில் வெளிப்படுத்தினார்கள்.

ஆசிரியர்களின் கடிதம்

வழக்கு என்றால் வக்கீல்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். எனக்கு டோவர் என்றதும் நினைவுக்கு வருவது ஒரு கடிதம். 2005 ஜனவரி முதல் அந்த அறிக்கையை உயிரியல் ஆசிரியர்கள் வகுப்பில் வாசிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜனவரி 6 அன்று அவர்கள் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதினார்கள்: அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, அது உயிரியல் அல்ல, ஏற்றுக்கொள்ளப்பட்ட அறிவியல் கோட்பாடும் அல்ல. மூன்று வாக்கியங்களையும் பெரிய எழுத்தில் அடித்திருந்தார்கள். அடுத்து தங்கள் தொழில் நெறிமுறையைச் சுட்டிக்காட்டினார்கள். பாடப்பொருளைத் தெரிந்தே திரித்துச் சொல்லக் கூடாது என்று பென்சில்வேனியாவின் ஆசிரியர் நெறிமுறையில் ஒரு விதி உண்டு. இந்த அறிக்கையை நாங்கள் வாசித்தால் அந்த விதியை மீறியவர்கள் ஆவோம் என்று சொல்லி மறுத்தார்கள்.

சம்பளம் கொடுக்கும் வாரியத்துக்கு எதிராக, சிறிய ஊரில், தினமும் கடையிலும் தேவாலயத்திலும் அதே முகங்களைப் பார்க்க வேண்டிய நிலையில் எழுதிய கடிதம் அது. ஸ்பார் போன்றவர்களைக் கடவுள் மறுப்பாளர்கள் என்று ஊரில் தூற்றினார்கள். ஆசிரியர்கள் மறுத்ததால்தான் நிர்வாகிகள் தாளோடு வகுப்புக்குள் வர வேண்டியிருந்தது. பின்னால் வந்த நீண்ட தீர்ப்பின் அடிக்கல் இந்தக் கடிதம்தான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளிடம் பொய் சொல்ல மாட்டோம் என்பதைச் சட்ட மொழியில் சொல்வதற்கு முன் ஆசிரியர்கள் தங்கள் மொழியில் சொல்லிவிட்டார்கள்.

80 ஆண்டு முன்கதை

டோவர் வாரியம் ஏன் ‘கடவுள்’ என்ற சொல்லை அறிக்கையில் எழுதவில்லை என்பது புரிய வேண்டுமானால் பழைய வழக்குகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1925-ல் டென்னசி மாநிலம் பட்லர் சட்டம் போட்டது. மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தான் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பது குற்றம். அந்த ஜூலையில் டேட்டன் என்ற ஊரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் மேல் வழக்கு நடந்து, 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத்தை ஜூரி நிர்ணயிக்காமல் நீதிபதி நிர்ணயித்தார் என்ற நடைமுறைத் தவறைக் காட்டி 1927-ல் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. சட்டம் மட்டும் 1967 வரை உயிரோடிருந்தது. அதிகம் பேசப்படும் வழக்கு இதுதான் என்றாலும் சட்டரீதியாக இது எதையும் தீர்த்து வைக்கவில்லை.

தீர்த்து வைத்தது 1968-ன் எப்பர்சன் வழக்கு. ஆர்கன்சாவின் 1928-ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தை எதிர்த்து லிட்டில் ராக்கைச் சேர்ந்த உயிரியல் ஆசிரியை சூசன் எப்பர்சன் போராடினார். அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம். ஒரு மதப் பிரிவின் நம்பிக்கைக்கு ஏற்றபடி பாடத்தை வெட்டுவது அதற்கு விரோதம் என்றது உச்ச நீதிமன்றம்.

தடை போனதும் ‘சம நேரம்’ வந்தது. பரிணாமத்தை நடத்தினால் ‘படைப்பு அறிவியலையும்’ நடத்த வேண்டும் என்று ஆர்கன்சாவும் லூசியானாவும் 1981-ல் சட்டம் கொண்டுவந்தன. ஆர்கன்சா சட்டத்தை 1982 ஜனவரியில் நீதிபதி வில்லியம் ஓவர்ட்டன் ரத்து செய்தார். லூசியானா சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1987 ஜூன் 19 அன்று எட்வர்ட்ஸ் வழக்கில் 7-2 என்று வீழ்ந்தது. நோபல் பரிசு பெற்ற 72 பேர் அந்தச் சட்டத்துக்கு எதிராக நீதிமன்றத்தில் மனு கொடுத்திருந்தார்கள்.

1987 ஜூன் 19 என்ற தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டோவர் வழக்கே அதில்தான் திரும்பியது.

ஹாரிஸ்பர்க் நீதிமன்றம்

2004 டிசம்பர் 14 அன்று டாமி கிட்ஸ்மில்லர் உட்பட 11 பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கமும், அரசையும் மதத்தையும் பிரித்து வைக்கக் கோரும் ஓர் அமைப்பும், பெப்பர் ஹாமில்ட்டன் என்ற சட்ட நிறுவனமும் அவர்களுக்குத் துணை நின்றன. வாரியத்துக்காக வாதாடியது தாமஸ் மோர் சட்ட மையம். இரண்டு தரப்பு வக்கீல்களும் தங்கள் கட்சிக்காரர்களிடம் கட்டணம் வாங்கவில்லை.

பென்சில்வேனியாவின் தலைநகரான ஹாரிஸ்பர்க்கில் விசாரணை, 2005 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை. ஜூரி கிடையாது, நீதிபதி ஜான் ஜோன்ஸ் மட்டும்தான். லூத்தரன் கிறிஸ்தவர், குடியரசுக் கட்சிக்காரர். 2002-ல் ஜார்ஜ் புஷ் நியமித்தவர். அந்த புஷ்ஷே 2005 ஆகஸ்டில், இரண்டு தரப்பையும் பள்ளியில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பேசியிருந்தார். அதனால் வாரியத்தின் ஆதரவாளர்களுக்கு நம்பிக்கை நிறையவே இருந்தது.

பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி பிரவுன் பல்கலைக்கழக உயிரியலாளர் கென்னத் மில்லர். டோவர் வாரியம் தடுக்கப் பார்த்த பாடநூலின் ஆசிரியர்களில் ஒருவர் அவர்தான். தவறாமல் தேவாலயம் போகும் கத்தோலிக்கரும்கூட. அவர் நீதிபதிக்குக் காட்டிய சான்றுகளில் ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் எல்லாவற்றுக்கும் 24 ஜோடி குரோமோசோம்கள். நமக்கு 23. பொது மூதாதை உண்மையானால் ஒரு ஜோடி எங்கே போனது? தொலைந்திருக்க முடியாது, தொலைந்தால் உயிர் தரிக்காது. எனவே இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படியானால் தடம் இருக்க வேண்டும். வழக்கமாகக் குரோமோசோமின் நுனியில் காணப்படும் டிஎன்ஏ தொடர், நம்முடைய இரண்டாவது குரோமோசோமின் நடுவில் இருக்கிறது, ஒட்டுப்போட்ட துணியின் தையல் மாதிரி. ஒரு குரோமோசோமுக்கு ஒரு மையப்புள்ளிதான் வழக்கம். செயலிழந்த இரண்டாவது மையப்புள்ளியின் எச்சமும் அதே குரோமோசோமில் இருக்கிறது. ஒரு கோட்பாடு தவறாகிப் போகக்கூடிய இடத்தைத் தானே காட்டி, அங்கே போய்ப் பார்க்கும்போது சரியாக வருகிறது. ‘கோட்பாடுதான்’ என்ற அறிக்கைக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

அறிவார்ந்த வடிவமைப்பின் மையச் சாட்சி லீஹாய் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி. அவர் வாதம் ‘குறைக்க முடியாத சிக்கல்’. பாக்டீரியாவின் சவுக்குவால் ஒரு மோட்டாரைப் போலச் சுழல்கிறது. ஒரு பாகத்தை எடுத்தாலும் அது நின்றுவிடும். எனவே படிப்படியாக அது உருவாகியிருக்க முடியாது, யாரோ வடிவமைத்திருக்க வேண்டும் என்பார். அந்தச் சவுக்குவாலின் புரதங்களில் ஒரு பகுதி மட்டும் வேறு பாக்டீரியாக்களில் நச்சைச் செலுத்தும் ஊசியாக வேலை செய்வதை மில்லர் எடுத்துக்காட்டினார். மோட்டாராக ஓடாவிட்டாலும் பாகங்களுக்கு வேறு பயன் இருந்திருக்கலாம் என்று ஆனதும் ‘முடியாது’ என்ற சொல் தளர்ந்துவிடுகிறது.

பீஹியைக் குறுக்கு விசாரணை செய்தவர் எரிக் ராத்ஸ்சைல்ட். அறிவார்ந்த வடிவமைப்பை அறிவியலுக்குள் கொண்டுவர, கோட்பாடு என்பதற்கே பீஹி ஒரு தளர்வான வரையறை வைத்திருந்தார். அந்த வரையறைப்படி சோதிடமும் அறிவியல் கோட்பாடு ஆகுமா என்று ராத்ஸ்சைல்ட் கேட்டார். ஆகும் என்று பீஹி ஒப்புக்கொண்டார். நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படிப் பரிணமித்தது என்பதற்கு அறிவியலிடம் பதிலே இல்லை என்பதும் அவர் வாதங்களில் ஒன்று. ராத்ஸ்சைல்ட் அவர் முன்னால் அந்தப் பொருள் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளையும் 9 புத்தகங்களையும் பல பாடநூல் அத்தியாயங்களையும் அடுக்கி வைத்தார். இது போதாது என்பதுதான் பீஹியின் பதில். மறுபக்கம், அறிவார்ந்த வடிவமைப்பை ஆதரித்துப் பரிசோதனையோ கணக்கீடோ கொண்ட, சக ஆய்வாளர்கள் சரிபார்த்த கட்டுரை ஒன்றுகூட இல்லை என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

எழுத்துப் பிழை ஒன்று

இப்போது 1987 ஜூனுக்கு வருவோம். லூசியானாவைச் சேர்ந்த தத்துவப் பேராசிரியை பார்பரா ஃபாரெஸ்ட் சாட்சி சொல்லக் கூடாது என்று வாரியத்தின் வக்கீல்கள் கடுமையாக எதிர்த்தார்கள். காரணம், அவர் கையில் இருந்தவை பாண்டாஸ் புத்தகத்தின் பழைய கையெழுத்துப் படிகள். நீதிமன்ற உத்தரவின் பேரில் பதிப்பாளரிடமிருந்து வாங்கியவை.

1983-ல் அந்தப் புத்தகத்தின் தலைப்பு ‘படைப்பு உயிரியல்’ என்ற பொருளில் இருந்தது. 1986-ல் ‘உயிரியலும் படைப்பும்’ ஆனது. 1987-ல் இரண்டு படிகள்: ஒன்று எட்வர்ட்ஸ் தீர்ப்புக்கு முந்தையது, மற்றது பிந்தையது. முந்தைய படியில் ஒரு வரையறை வருகிறது: படைப்பு என்பது, பல்வேறு உயிர் வடிவங்கள் அறிவுள்ள படைப்பாளரால் திடீரெனத் தோன்றின என்பதாகும், துடுப்பும் செதிலும் கொண்ட மீன்கள், இறகும் அலகும் சிறகும் கொண்ட பறவைகள் என்று. பிந்தைய படியில் அதே வாக்கியம், அதே மீன், அதே பறவை. முதல் சொல் மட்டும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று மாறியிருக்கிறது. ‘படைப்பாளர்’ இருந்த இடத்தில் ‘அறிவுள்ள முகமை’. ‘படைப்பு’ சார்ந்த சொற்கள் ஏறக்குறைய 150 இடங்களில் இப்படி மாற்றப்பட்டிருந்தன.

ஓரிடத்தில் மாற்றியவரின் கை தவறியிருக்கிறது. ‘கிரியேஷனிஸ்ட்ஸ்’, அதாவது படைப்புவாதிகள், என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘டிசைன் புரொபோனன்ட்ஸ்’, வடிவமைப்பை ஆதரிப்போர், என்று போட வேண்டும். பழைய சொல்லின் முதலெழுத்தும் கடைசி அசையும் அழியாமல் தங்கிவிட்டன. தாளில் நிற்பது ‘சிடிசைன் புரொபோனன்ட்ஸிஸ்ட்ஸ்’. அப்படி ஒரு சொல் எந்த அகராதியிலும் இல்லை. ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல்லை ஒட்டியபோது இரண்டு பக்கமும் பழையது எட்டிப் பார்க்கிறது. நம் குரோமோசோமின் நடுவில் தெரியும் தையலைப் போலவே இதுவும். பரிணாமத்தை மறுக்க வந்த புத்தகத்தின் பரம்பரையையும் எஞ்சிய தடங்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

பொய்

அறிவியல் விவாதம் இப்படி இருக்க, வாரியத் தரப்பை உடைத்தது அவர்களுடைய சொந்தச் சாட்சியம்தான். வாரியக் கூட்டங்களில் படைப்புவாதம் பற்றிப் பேசவேயில்லை, பத்திரிகைக்காரர்கள் இட்டுக்கட்டினார்கள் என்றார்கள் உறுப்பினர்கள். கூட்டங்களுக்குப் போன இரண்டு நிருபர்கள், எழுதியது அத்தனையும் கேட்டதுதான் என்று சாட்சி சொன்னார்கள். 2004-ல் ஒரு தொலைக்காட்சிக்கு பக்கிங்ஹாம் கொடுத்த பேட்டி நீதிமன்றத்தில் ஓடியது. டார்வினை நடத்தலாம், ஆனால் படைப்புவாதம் போன்ற ஒன்றால் அதைச் சமன் செய்ய வேண்டும் என்று அவரே அதில் பேசுகிறார். கேமராவைப் பார்த்துத் தடுமாறி வாய் தவறிவிட்டது என்றார்.

அடுத்து அந்த 60 புத்தகங்கள். யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று 2005 ஜனவரியில் பிரமாண வாக்குமூலம் வாங்கியபோது பக்கிங்ஹாமும் பான்செலும் நேராகப் பதில் சொல்லவில்லை. அறிக்கை வாசிப்புக்குத் தடை கேட்கலாமா என்று பெற்றோர் தரப்பு யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. விசாரணையில்தான் உண்மை வந்தது. பக்கிங்ஹாம் தன் தேவாலயத்தில் எழுந்து நின்று பணம் திரட்டியிருக்கிறார். 850 டாலருக்குக் காசோலை எழுதி பான்செலிடம் கொடுத்திருக்கிறார். பான்செல் அதைத் தன் அப்பாவிடம் கொடுக்க, அப்பா புத்தகங்களை வாங்கியிருக்கிறார். பான்செல் கூண்டில் இருந்தபோது நீதிபதி ஜோன்ஸ் தானே கேள்வி கேட்க ஆரம்பித்தார். பக்கிங்ஹாமின் பெயரை ஜனவரியில் ஏன் சொல்லவில்லை? பணம் ஏன் உங்கள் அப்பா வழியாகப் போக வேண்டும்? பான்செலிடம் உருப்படியான பதில் இல்லை.

நம்பிக்கை உள்ளவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த வழக்கில் வென்ற பக்கமும் நம்பிக்கை உள்ளவர்களால் நிறைந்ததுதான். பெற்றோர்களில் பலர் தேவாலயம் போகிறவர்கள். மில்லரும், அவர்களுக்காகச் சாட்சி சொன்ன இறையியலாளர் ஜான் ஹாட்டும் கத்தோலிக்கர்கள். தன் விசுவாசத்துக்காக எழுந்து நிற்பதாகச் சொன்னவர்கள் பிரமாணம் எடுத்துக்கொண்ட பிறகும் உண்மையை மறைத்தார்கள் என்பதுதான் மனதை உறுத்துகிறது. நீதிபதிக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். தங்கள் மத நம்பிக்கையைப் பொதுவெளியில் பெருமையோடு பறைசாற்றியவர்களே, இந்தக் கொள்கையின் உண்மையான நோக்கத்தை மறைக்கத் திரும்பத் திரும்பப் பொய் சொன்னார்கள் என்று தீர்ப்பில் எழுதினார்.

தீர்ப்பு

2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கங்களில் தீர்ப்பு வந்தது. அன்றைய சட்டப்படி இரண்டு அளவுகோல்கள் இருந்தன. ஒன்று, அரசு ஒரு மதத்துக்குச் சான்றளிப்பதாக விவரம் தெரிந்த ஒரு சாதாரண ஆளுக்குத் தோன்றுமா? இன்னொன்று 1971-ன் லெமன் வழக்கிலிருந்து வந்தது: செயலின் நோக்கம் மதச்சார்பற்றதா, அதன் முதன்மை விளைவு மதத்தை வளர்ப்பதா? இரண்டிலும் வாரியம் தோற்றது. அறிவியல் கல்வியை மேம்படுத்தவே செய்தோம் என்பது வெறும் சாக்கு என்றார் நீதிபதி. எந்த அறிவியலாளரையும் அமைப்பையும் அவர்கள் கலந்து பேசவில்லை, சொந்த ஆசிரியர்களின் எதிர்ப்பையும் ஒதுக்கினார்கள். வாரியத்தின் முடிவை ‘மூச்சடைக்க வைக்கும் மடமை’ என்றும், மாணவர்களும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் இந்தச் சுழலுக்குள் இழுக்கப்பட்டிருக்கக் கூடாது என்றும் எழுதினார்.

அதோடு நிற்காமல் அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியலா என்ற கேள்விக்கும் பதில் சொன்னார். இயற்கைக்கு அப்பாற்பட்ட காரணத்தை அது அழைக்கிறது. பரிணாமத்தில் ஓட்டை கண்டுபிடித்தாலே தன் தரப்பு நிரூபணமாகிவிட்டது என்று 1980-களின் படைப்பு அறிவியலைப் போலவே வாதிடுகிறது. அது கண்டுபிடித்ததாகச் சொன்ன ஓட்டைகளையும் அறிவியல் உலகம் மறுத்துவிட்டது. எனவே அது அறிவியல் அல்ல.

நீதிபதி இதற்குள் போயிருக்க வேண்டியதில்லை, மத நோக்கம் நிரூபணமானதே போதும் என்று சட்ட அறிஞர்கள் சிலர் குறை சொன்னார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எது அறிவியல் என்று நீதிமன்றம் தீர்மானிப்பது நாளை வேறு கையில் ஆபத்தாகலாம். ஆனாலும் இங்கே ஜோன்ஸ் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ‘இது அறிவியல், அதனால்தான் வகுப்புக்குக் கொண்டுவந்தோம்’ என்று வாதிட்டது வாரியம்தான். இரண்டு தரப்பும் ஆறு வாரம் சாட்சிகளைக் கொண்டுவந்து அந்தக் கேள்வியை அவர் முன் வைத்த பிறகு, பதில் சொல்லாமல் விட்டிருந்தால் அடுத்த ஊரில் அதே விசாரணை, அதே செலவு.

தன்னைச் சிலர் ‘களப்போராளி நீதிபதி’ என்பார்கள் என்றும், அது தவறு என்றும் தீர்ப்பிலேயே எழுதினார். சொன்னபடியே வந்தது. மிரட்டல்கள் வந்து, அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு போட வேண்டியதாயிற்று.

அப்புறம்

தீர்ப்புக்கு முன்பே, நவம்பர் 8 அன்று டோவரில் தேர்தல் நடந்தது. வாரியத்தின் ஒன்பது இடங்களில் எட்டுக்குப் போட்டி. பதவியில் இருந்த எட்டுப் பேரையும் ஊர் தோற்கடித்தது. வழக்குத் தொடுத்த பெற்றோர்களில் ஒருவரும் முன்னாள் டோவர் ஆசிரியருமான பிரையன் ரேம் வென்றவர்களில் ஒருவர். மதப் பிரசாரகர் பேட் ராபர்ட்சன் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், உங்கள் ஊருக்குப் பேரழிவு வந்தால் கடவுளிடம் போகாதீர்கள், அவரைத்தான் விரட்டிவிட்டீர்களே என்று டோவர் மக்களைப் பார்த்துச் சொன்னார்.

புதிய வாரியம் 2006 ஜனவரியில் கொள்கையை ரத்து செய்தது, மேல்முறையீடும் செய்யவில்லை. பெற்றோர் தரப்பின் சட்டச் செலவு 20 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. பேசி முடித்து 10,00,011 டாலர் கட்டினார்கள். அந்தக் கடைசி 11 டாலர், பெற்றோர் ஒருவருக்கு ஒரு டாலர் வீதம் பெயரளவு இழப்பீடு. மீதி, ஒரு சிறிய மாவட்டத்தின் பள்ளிப் பணம்.

மேல்முறையீடு இல்லாததால் தீர்ப்பு சட்டப்படி கட்டுப்படுத்துவது வழக்கின் தரப்பினரை மட்டும்தான். மற்ற நீதிமன்றங்கள் அதைப் படித்துப் பின்பற்றலாம், கட்டாயம் இல்லை. அது சார்ந்து நின்ற லெமன் அளவுகோலையும் 2022-ல் கென்னடி வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவிட்டுவிட்டது. இனி வரலாற்று நடைமுறையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றது. எப்பர்சன், எட்வர்ட்ஸ் தீர்ப்புகள் இன்னும் நிற்கின்றன. ஆனால் டோவர் போன்ற வழக்கு மறுபடி வந்தால் ஜோன்ஸ் நடந்த அதே பாதையில் இன்னொரு நீதிபதி நடக்க முடியாது.

மாநிலச் சட்டங்களின் சொற்களும் மாறிவிட்டன. 2008-ல் லூசியானாவும் 2012-ல் டென்னசியும் போட்ட சட்டங்களில் படைப்பும் இல்லை, வடிவமைப்பும் இல்லை. ‘திறனாய்வுச் சிந்தனை’, கோட்பாடுகளின் பலமும் பலவீனமும் என்று இருக்கிறது. எந்த ஆசிரியரையும் எதையும் வாசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. பரிணாமத்தின் ‘பலவீனங்களை’ எடுத்துப் பேச விரும்பும் ஆசிரியரை நிர்வாகம் தடுக்கக் கூடாது என்பதோடு சரி. அதனால் வழக்குப் போடவும் எளிதில் பிடி கிடைப்பதில்லை. கதவு சாத்திய வகுப்பறையில் என்ன நடத்தப்படுகிறது என்பது அங்கே நிற்கும் ஒரே ஓர் ஆசிரியரின் கையில் இருக்கிறது. டோவரில் அந்த இடத்தில் இருந்தவர்கள் ஜெனிஃபர் மில்லரும் சக ஆசிரியர்களும். தாளை வாங்க மறுத்து வராந்தாவில் நின்றார்கள், வாசித்தவர் போன பிறகு உள்ளே வந்து அதே அத்தியாயத்தை நடத்தினார்கள்.